கப்பல் வரும்வரை கால் மாத்திரை

தீவுப் பணிக்குப் புதிதாக வரும் இளம் டாக்டர்களில் சிலர், ஊரில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக என்னையும் சேர்த்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். காபி ஆறுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "அந்தக் காலத்தில் எப்படி சார் சமாளித்தீர்கள்?" சமாளித்தோம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு வருவதால் நான் மறுப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவேன். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இதைப் படிக்கும் இளம் டாக்டர்களே, உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பெரும்பாலும் குழம்பிக்கொண்டிருந்தோம். அந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் சிலர் பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் எங்களுக்கு நன்றி சொன்னபோது, மரியாதை கருதி நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஐம்பது தாண்டியதும் நான் விருப்ப ஓய்வு வாங்கினேன். விருப்பம் என்னுடையதா, இலாகாவினுடையதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இன்று ஒரு கர்ப்பிணி முதல் தடவை உங்கள் முன்னால் வந்து உட்காரும்போதே ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்துவிடுகிறீர்கள். எண் வருகிறது. குறைவு என்றால் மருந்து, இன்னும் குறைவு என்றால் இன்னும் மருந்து. எண்ணோடு யாரும் வாதாட முடியாது. எங்களிடம் எண் கிடையாது. நோயாளியின் முகம் இருந்தது, நோயாளியின் பேச்சு இருந்தது. இரண்டும் கேட்பவனுக்குத் தகுந்தபடி பதில் சொல்லக் கூடியவை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை போர்ட் பிளேருக்கு அப்பால், லாங் ஐலண்ட் என்ற குட்டித் தீவில் போட்டார்கள். காட்டில் மரம் வெட்டுவது, யானையைக் கொண்டு இழுப்பது, அறுப்பது, ஏற்றுவது. இதற்காகவே ஏற்பட்ட சின்னக் குடியிருப்பு அது. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் என்று எல்லோரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஹிந்தி உண்டு. பாலும் வேற்றுமையும் காலமும் பார்க்காத சமதர்ம ஹிந்தி. மெயின்லேண்டிலிருந்து கப்பல் போர்ட் பிளேருக்கு வரும். அங்கிருந்து சின்ன போட் எங்களுக்கு வரும். கப்பல், அந்த ஊர்ப் பேச்சில் ஜஹாஜ், எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. கடல் கெட்டால் போட்டும் இல்லை.

இதனால் அந்த ஊருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. எது வந்தாலும் பாதியாக்கி வைப்பார்கள். சோப்பை நூலால் அறுப்பார்கள். தீக்குச்சியை பிளேடால் நெடுக்கப் பிளந்து இரண்டாக்குகிற பெண்மணி ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதைப் பார்க்க விருந்தாளிகள் கூடுவார்கள். "ஆதா கர் தோ" என்பதுதான் அங்கே பிறந்த குழந்தை முதலில் கேட்கும் வாக்கியம். பாதியாக்கு. பாதியானது சீக்கிரம் தீர்ந்தால், பாதியைப் பாதியாக்கு.

நான் படித்தவன், அதனால் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பேன். ஆனால் செய்தித்தாள் விஷயத்தில் நானும் அந்த ஊர்க்காரன்தான். போட் வரும்போது எனக்கு ஒரு கட்டுப் பத்திரிகை வரும். ஒரே நாளில் படித்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது? தேதி வரிசையில் அடுக்கி, காலைக்கு ஒன்றாக எடுத்துப் படிப்பேன். உலகத்துக்கு மூன்று வாரம் பின்னால், நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தேன். டெஸ்ட் மாட்ச் நடந்தால் ஐந்து நாள் ஆட்டத்தை ஐந்து நாளும் பார்ப்பேன். போலீஸ் வயர்லெஸ் அறையில் இருந்த சிங் ரேடியோ கேட்பவர். முடிவு அவருக்கு முன்பே தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், எதிரே வரும்போதெல்லாம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சல்யூட் அடிப்பார்.

அங்கே இருந்தவள்தான் சண்முகவடிவு.

கணவன் இசக்கிமுத்து மரக்கிடங்கில் கட்டைகளுக்கு அளவெடுப்பவன். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். வடிவுக்கு முன்பு இரண்டு முறை கர்ப்பம் கலைந்திருந்தது. ஊருக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு பெரிய டாக்டரம்மா அவளைப் பார்த்து, தைராய்டு குறைவாக இருக்கிறது என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒரு பெரிய குப்பியோடு தீவுக்குத் திரும்பினாள். உடம்பு தேறியது. இப்போது மூன்றாவது முறை. எனக்கு முன்னால் அவள் வந்து உட்கார்ந்தபோது ஆறாவது மாதம்.

வந்து உட்கார்ந்தாள் என்று எழுதுவது சுலபம். எங்கள் நர்ஸ், கோட்டயத்துக்காரியான சிஸ்டர், "சண்முகவடிவு!" என்று கூப்பிட்டார். "இங்கன இருக்கேன்" என்று கனத்த குரலில் பதில் வந்தது. கணவன்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து நான் வாசல் பக்கம் பார்த்தேன். பேசியது அவள்தான். ஊரே சட்டையைப் பிழிந்து காயப்போடும் புழுக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. கேள்வி ஒன்று கேட்டால், அது அவளுக்குள் போய்ச் சேர்ந்து, பதில் புறப்பட்டு வருவதற்குள் நான் அடுத்த நோயாளியின் நாக்கைப் பார்த்துவிடலாம் போலிருந்தது.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்ணும் செய்யல சார். நாந்தான் ஒண்ணும் செய்ய மாட்டக்கேன்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அசதி, வீக்கம், மலச்சிக்கல், மறதி, எடை கூடுவது, முடி கொட்டுவது. இவற்றில் எதைக் கர்ப்பம் செய்யாது? ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் கையோடு இருந்தது. அதுதான் ஆபத்து.

சிஸ்டர் அடித்துச் சொன்னார்: "டாக்டரே, இது ரத்தக்குறைவு தன்னே. கண்ணு நோக்கு, வெள்ளைக் காகிதம்." பக்கத்து வீட்டு வங்காளி அம்மா கண்ணேறு என்றாள். இசக்கிமுத்து, "அம்மாவத் தேடுதா சார், வேறொண்ணுமில்ல" என்றான். நான் சிறுநீரகத்தைச் சந்தேகித்தேன். பரிசோதித்தால் அது சுத்தமாக இருந்தது. பிறகு இதயத்தைச் சந்தேகித்தேன். அது மெதுவாக, ஆனால் ஒழுங்காக அடித்தது. பிறகு குடல் புழுவை. மனச்சோர்வை. ஒரு வாரம் பெரிபெரியை. புத்தகம் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு இருந்ததால், ஒவ்வொரு மாலையும் அவளுக்கு ஒரு புதிய நோய் கிடைத்தது.

தைராய்டு ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். முதலில் வந்தது அதுதான். முதலிலேயே அதை அடித்துவிட்டேன்.

"மாத்திரை தினமும் சாப்பிடுறியா?"

"தெனமும் சாப்பிடுதேன் சார். ஒரு நாள்கூட விட்டதில்ல."

பொய் சொல்லும் முகம் இல்லை அது. பொய்யும் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், ஆகவே தைராய்டு அடங்கியிருக்கிறது, ஆகவே நோய் வேறெங்கோ இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரு சங்கிலியாகக் கோத்து அதிலே என்னை நானே கட்டிப்போட்டுக்கொண்டேன். ரத்தத்துக்கு இரும்பு மாத்திரை கொடுத்து, மறக்காமலிருக்க இரண்டையும் காலையில் ஒன்றாகவே போட்டுக்கொள்ளச் சொன்னேன். இரும்பு கூடவே போனால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது என்று நீங்கள் இன்று முதல் வருடமே படிக்கிறீர்கள். என்னை நினைத்து ஒரு நிமிடம் சிரித்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன்.

அவள் தேறவில்லை. ஒரு நாள் பார்வைக்கு வர வேண்டியவள் வரவில்லை. இசக்கிமுத்து மட்டும் வந்தான்.

"சார், அடுப்புல சோறு பொங்கிட்டு இருக்கயிலயே பக்கத்துல சாஞ்சு தூங்கிட்டா. தீஞ்சு பொகையுது, அவளுக்குத் தெரியல. புள்ள அசையுதாட்டின்னு கேட்டேன். 'தெரியலயே, அசைஞ்சா சொல்லுதேன்'ங்கா." சிரிக்க முயன்றான். முடியவில்லை. "மொத ரெண்டும் இப்படித்தான் சார். மந்தமாட்டம் இருந்தா, இருந்தா, பெறவு போயிருச்சு. இதுவும் போயிருமா?"

பையை எடுத்துக்கொண்டு அவனோடு நடந்தேன்.

வீட்டில் வடிவு எழுந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டேன். குழந்தையின் இதயம் தூரத்தில் துடித்தது. அதைச் சொன்னதும் அவள் மெல்ல எழுந்துபோய், வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, டீ போட்டுக் கொண்டுவந்தாள். சாஸரில் ஒரு பிஸ்கட். ஒரு பிஸ்கட் அல்ல, பாதி. உடைந்த பாதி இல்லை, பிளேடால் அறுத்த பாதி. ஓரம் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

"மீதிப் பாதி எங்கம்மா?"

"அது நாளைக்கு யாராச்சும் வந்தா சார். ஜஹாஜ் வரலைல்லா."

"யாரும் வரலைன்னா?"

யோசித்தாள். "நாளான்னைக்கு நீங்க வருவிய."

சிரித்துவிட்டேன். "உங்க வீட்ல எல்லாமே ஆதாதானா?"

"எல்லாந்தான். சோப்பு, வெல்லம், வத்தல்..."

"மாத்திரைகூடவா?" என்றேன். வேடிக்கைக்குத்தான் கேட்டேன். என் மருத்துவ வாழ்க்கையின் மிகச் சிறந்த கேள்வியை நான் ஜோக்காகத்தான் கேட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"அது ஆதா இல்ல சார்," என்றாள் வடிவு. "அது கால்."

பிஸ்கட் என் வாயில் அப்படியே இருந்தது. இசக்கிமுத்து திரும்பிப் பார்த்தான். "என்னது?"

"கால் மாத்திரைதான் போடுதேன்." அலமாரியிலிருந்து குப்பியை எடுத்து வந்தாள். பக்கத்தில் ஒரு பிளேடும் தாளில் மடித்த சின்னச் சின்னத் துண்டுகளும். "அறுக்கயில தூளு உதிரும். அத வெரல்ல ஒத்தி நக்கிருவேன். வீணாக்க மாட்டேன் சார்."

"ஏட்டி, யாரக் கேட்டுடி கொறச்ச?" என்றான் இசக்கிமுத்து.

"நான் எங்க கொறச்சேன்? பெரிய டாக்டரம்மா என்ன சொன்னாவ? ஒரு நாளும் விடக் கூடாது, விட்டா ஆபத்துன்னாவ. போன வருசம் ஜஹாஜ்ல எங்க அண்ணன் போட்டுவிட்ட பார்சல் வந்து சேரல, நெனப்பிருக்கா? அன்னைக்கு ஆதாவாக்கினேன். பெறவு புள்ள உண்டாச்சு. இனி விட்டா ரெண்டு உசுருலா? அதான் காலாக்கிட்டேன். ஒரு நாளு விட்டிருக்கேனான்னு நீங்களே சொல்லுங்க!"

இத்தனையையும் அவள் அந்தத் தடித்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, நீண்ட இடைவெளி விட்டுச் சொன்னாள். எனக்குக் கோபப்பட நேரம் நிறைய இருந்தது. ஆனால் கோபப்பட இடமில்லை. தீவில் குடியிருக்கும் ஒருத்தியிடம், மெயின்லேண்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நாளும் விடாதே என்றால் அவள் வேறென்ன செய்வாள்? அவள் எல்லோரையும்விட அதிகமாக மருத்துவர் பேச்சைக் கேட்டிருந்தாள். பிள்ளை மேல் ஆசை கூடக் கூட மாத்திரையைக் குறைத்திருந்தாள்.

அவளை நாற்காலியில் முழங்காலிட வைத்து, குதிகாலுக்கு மேலே விரல்களால் தட்டினேன். பாதம் சட்டென்று இறங்கிச் சட்டென்று திரும்ப வேண்டும். அவள் பாதம் இறங்கியது. பிறகு மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பது போல அங்கேயே நின்றது. அப்புறம் மெல்ல, மிக மெல்ல, பழைய இடத்துக்கு வந்தது. தைராய்டுக் குறைவின் அடையாளம் அது. ஒரு மாதமாக என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பாதம்.

நோய் தெரிந்ததும் கதை முடிந்துவிடும் என்பது புத்தகங்களின் ஏற்பாடு. எங்கள் குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

குப்பியில் மாத்திரை இருந்தது. அவள் சிக்கனத்தின் பலன். முழு அளவில் போட்டால் ஒரு மாதம் ஓடும். பிரசவத்துக்கு மூன்று மாதம் இருந்தது. கால் காலாகவே போட்டால் பிரசவம் தாண்டியும் வரும். என் மருந்து அறையில் அந்த மாத்திரை கிடையாது. கடல் கெட்டுப் போய் போட் வந்து நாளாகியிருந்தது. முழு மாத்திரை கொடுத்து, அது தீர்ந்து, கப்பலும் வராவிட்டால்? அடியோடு நின்றுவிடும். கொடுக்காவிட்டால்? இப்போதே நின்றுகொண்டிருக்கிறது. தவிர, மந்தமாகக் கிடந்த உடம்பில் திடீரென்று ஏற்றினால் இதயம் தாங்குமா? கர்ப்ப காலத்தில் தேவை கூடும் என்று இன்று உங்களுக்கு ஐயமில்லை. என்னிடமிருந்த புத்தகம் இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டிருந்தது.

போர்ட் பிளேரில் எனக்கு மேலதிகாரியாக ஒரு லேடி டாக்டர் இருந்தார். எங்களைப் போன்ற சின்ன டாக்டர்கள் அவர் பெயரைக் கேட்டாலே சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள். வயர்லெஸில் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கி, என்ன செய்யலாம், மாத்திரை கிடைக்குமா என்று கேட்டேன். சிங் அதை உரக்கப் படித்துப் படித்து அனுப்பியதில் பாதித் தீவுக்கு வடிவின் மலச்சிக்கல் தெரிந்துபோயிற்று. மறுநாள் பதில் வந்தது. சிங் நிமிர்ந்து நின்று படித்தார்:

"உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யவும். கப்பல் உறுதியில்லை."

எனக்கு எதுவுமே சரியென்று படாததால்தான் கேட்டிருந்தேன். அந்தத் தாளை இரண்டு மூன்று முறை படித்தேன். அதற்குள் ஒளிந்திருக்கும் ஞானம் எதுவும் வெளியே வரவில்லை. சில சமயம் மேலிடமும் நம்மைப் போலவே குழம்பியிருக்கும். பதவி காரணமாகச் சுருக்கமாகக் குழம்பும்.

நான் முடிவு செய்தது எப்படி என்று கேட்டால், இப்படித்தான்: பிள்ளை வளர்வது இந்த மாதத்தில். மாத்திரை தீர்வது அடுத்த மாதத்தில். அடுத்த மாதத்தின் கஷ்டத்துக்குப் பயந்து இந்த மாதத்தைப் பட்டினி போட முடியாது. சரியா தவறா என்று தெரியாது. ஆனால் தெரியும்வரை காத்திருக்க வயிற்றிலிருப்பதற்கு நேரமில்லை. சில நாள் பாதி, அப்புறம் முழுசு. இரும்பு மாத்திரை சாயங்காலத்துக்கு.

வடிவு ஒத்துக்கொள்ளவில்லை.

"முழுசா முழுங்கிட்டு, தீந்து போச்சுன்னா?"

"அதுக்குள்ள கப்பல் வந்துரும்."

"கேரண்டி தருவியளா?"

"வரும்மா. வராம எங்க போகும்?"

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு மந்தத்துக்குள்ளிருந்தும் அந்தப் பார்வை கூர்மையாக வந்தது. "அப்பம் நீங்க ஏன் சார் பேப்பர ஒவ்வொண்ணாப் படிக்கிய?"

இசக்கிமுத்து, "ஏ, சும்மா கெட" என்றான்.

"கேக்கட்டும். ஊருக்கே தெரியும்லா. அடுக்கி வச்சு ஒரு நாளைக்கு ஒண்ணா உருவுதிய. ஜஹாஜ் வரும்னு உங்களுக்கே நம்பிக்க இருந்தா மொத்தமா ஒரே மூச்சுல படிச்சிர மாட்டியளா? உங்க பேப்பருக்கு ஒரு நாயம், எம் புள்ளைக்கு ஒரு நாயமா?"

நான் பல நூல்கள் படித்தவன். அன்று அவளிடம் தோற்று எழுந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் படிக்காமல் வைத்திருந்த கட்டு முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் முன்னால் பாயில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். ஒரு மந்திரிசபை மாறியது. அரிசி விலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. டெஸ்ட் மாட்ச் இரண்டாம் நாளில் நின்றிருந்தது. மூன்றாம் நாளை எடுத்தேன். நான்காம் நாளை எடுத்தேன். ஐந்தாம் நாளையும் எடுத்தபோது, சேதி கேட்டு வாசலுக்கு வந்து நின்ற சிங், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "டாக்டர் சாப், அப் போலூம்?" என்றார். பேசலாமா என்கிறார். பேசலாம் என்றேன். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவர் ஒரேயடியாகக் கொட்டினார்.

கடைசித் தாளை மடித்து வைத்துவிட்டு, "தீந்து போச்சு," என்றேன். "இனிமே எனக்கும் கப்பல் வந்தாத்தான்."

வடிவு அந்தத் தாள்குவியலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகு தாளில் மடித்திருந்த இரண்டு கால் துண்டுகளை எடுத்து ஒன்றாகச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்த வாரக் கடைசியில், அறுக்காத முழு மாத்திரை. பிளேடை இசக்கிமுத்து தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இதற்குப் பிறகு வந்த நாட்களை நான் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். அவை சுருக்கமாக இருக்கவில்லை. கம்பளி போயிற்று. ஒரு காலை, வெளியே யாரோ பெண் ஒருத்தி இசக்கிமுத்துவை வைது நொறுக்கும் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன், வடிவு. அவள் சொந்தக் குரல் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிள்ளை உதைப்பதாகச் சொல்லி அனுப்பினாள். எல்லாம் நல்ல சேதி. ஆனால் குப்பியின் அடிப்பகுதி தெரியத் தொடங்கியிருந்தது. போட் வரவில்லை. பார்வைக்கு வரும்போதெல்லாம் குப்பியைக் கொண்டுவந்து என் காதருகே ஆட்டிக் காட்டுவாள். அந்தக் கிலுகிலுப்பு வாரா வாரம் மெலிந்தது. காலையில் படிக்கப் பத்திரிகை இல்லாததால் நான் கடலையே படித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் தன் பங்குக்கு, "டாக்டரே, பாதியாக்கிக் கொடுத்தா என்ன?" என்று கேட்டார். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. இரண்டு நாள் அதை யோசித்தேன். இசக்கிமுத்துவிடம் பிளேடைத் திருப்பிக் கேட்கத்தான் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

குப்பியில் விரல் விட்டால் எண்ணிவிடலாம் என்ற நிலையில் கடல் அடங்கி, போட் வந்தது. மெயின்லேண்ட் கப்பல் அப்போதும் போர்ட் பிளேருக்கு வந்திருக்கவில்லை. போட்டை ஓட்டி வந்த செராங் என்னைத் தேடி வந்து, துணியில் சுற்றிய ஒரு குப்பியைக் கையில் வைத்தார். லேடி டாக்டர் கொடுத்தது. கடிதம் எதுவும் இல்லை. அதே மாத்திரை. அவர் ஆஸ்பத்திரியிலும் அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

"எங்கிருந்து கிடைச்சது?"

செராங் சிரித்தார். "போர்ட் பிளேர்லயே, ஜங்லிகாட்ல சாப். அங்க ஒரு வீட்ல அந்தம்மாவுக்கும் இதே பீமாரியாம். டாக்டரம்மா சந்து சந்தா விசாரிச்சு நேர்ல போய்க் கேட்டாங்க. அந்தம்மா தன் குப்பியக் கவுத்துக் கொட்டி, ரெண்டு பங்கு வச்சு, ஒரு பங்க இதுல போட்டுக் கொடுத்துட்டாங்க."

"பாதியா?"

"ஹான் சாப். ஆதா."

முகம் தெரியாத அந்த ஜங்லிகாட் பெண்மணியின் பாதிக் குப்பி, கப்பல் வரும்வரை வடிவுக்கு முழு மாத்திரையாக ஓடியது. ஆதா கர் தோ என்ற அந்தப் பழக்கத்தைப் பற்றி நான் ஒரு கண்டனக் கட்டுரை எழுதுவதாக இருந்தேன். இதற்குப் பிறகு எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. சிஸ்டர் தலைகீழாகப் பிடித்து முதுகில் தேய்த்தார். வடிவு தலையைத் தூக்கி, "என்ன சார், என்ன சார்" என்றாள். அப்புறம் அழுதது. ஆனந்தி என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் முடித்துவிட்டால் நீங்கள் நிம்மதியாகக் காபியைக் குடிக்கலாம். என்னால் அப்போது முடிக்க முடியவில்லை. தாய்க்குத் தைராய்டு குறைந்தால் பிள்ளையின் மூளைக்கும் பாதிப்பு வரலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். கால் மாத்திரையில் கழிந்த அந்த மாதங்கள்? அவற்றை யார் திருப்பித் தருவது? அவர்களிடம் சொல்லவும் முடியாது. எனக்கே நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லி என்ன பயன்? ஆகவே ரகசியமாகக் கண்காணித்தேன். ஆனந்தி குப்புறக் கவிழ்ந்தாளா, உட்கார்ந்தாளா, நின்றாளா என்று, சம்பந்தமில்லாத காரணங்களைச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுப் பக்கம் போவேன். நடை கொஞ்சம் தாமதம். பேச்சு ரொம்பவே தாமதம். வீட்டில் தமிழ், ஒரு பக்கத்து வீட்டில் வங்காளம், மறுபக்கம் தெலுங்கு, தெருவில் எங்கள் சமதர்ம ஹிந்தி. எதில் பேசுவது என்று குழந்தை முடிவு செய்யவில்லை என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அடுத்த நாள் அந்தச் சமாதானம் வேலை செய்யாது. மற்றப் பிள்ளைகள் கதை பேசும் வயதில் அவள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். எதிரே உட்கார்ந்து நானும் பார்ப்பேன். எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

மாற்றல் உத்தரவும் கப்பலில்தான் வர வேண்டும் என்பதால் நான் அங்கே இருந்தது நீண்டுவிட்டது. ஒரு வழியாக பெரார்கஞ்சுக்குப் போட்டார்கள். விடைபெற அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். முழுப் பாக்கெட், சீல் உடைக்காதது. வடிவு டீ போட உள்ளே போனாள். இசக்கிமுத்து, "இன்னும் வாயத் தொறக்கல சார்" என்றான், நான் கேட்காமலே. அப்போதுதான் தெரிந்தது, நான் எதற்கு வந்துகொண்டிருந்தேன் என்பது இத்தனை நாளும் அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை எடுத்து ஆனந்தியின் கையில் கொடுத்தேன். வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து நடுவில் அழுத்தினாள். உடைந்தது. ஆனால் சரிபாதியாக இல்லை. ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவள் வழக்கப்படி வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை என் பக்கம் நீட்டி, தெளிவாக, கணீரென்று சொன்னாள்:

"ஆதா."

உள்ளே டம்ளர் விழும் சத்தம் கேட்டது. இசக்கிமுத்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் வாங்கிக்கொண்டேன். சின்னத் துண்டைத்தான் எனக்குக் கொடுத்திருந்தாள். பெரிய துண்டு அவள் வாய்க்குள் போய்விட்டிருந்தது. அந்தக் குழந்தையின் மூளையைப் பற்றி அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் கவலைப்படவில்லை.